செயற்கைக் கேள்விக்கு எதிர்க்கேள்வி

பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டம் நால்வர் இரு கட்சியாய்ப் பிரிந்து ஆடுவது. எது துரும்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் முறையே கேட்பர். இக்கேள்விகளே கூட்டாளிகள் தம்முட் பேசும் மொழி. இஸ்பேட் கேட்டவரிடம் இஸ்பேட் உண்டு என்பதே இயற்கைப் பொருள்.

செயற்கைக் கேள்வி அவ்வாறன்று. 1925 இல் இவ்வாட்டத்தின் மதிப்பெண் முறைக்கு அடித்தளமிட்ட அமெரிக்கர் ஹரல்ட் வாண்டர்பில்ட், 'ஒரு கிளாவர்' என்று தொடங்கினால் கை வலியது என்பது மட்டுமே பொருள் என வகுத்தார். இத்தகைய முறைகளைக் கையாண்ட இத்தாலியரின் நீல அணி, 1957 முதல் 1969 வரை பத்து முறை உலக வாகை சூடியது.

இதனை எதிர்ப்பது எங்ஙனம்? தொடங்கியவர் தம் வலிமையைச் சொல்லிவிட்டார். தமது நீண்ட இனம் எதுவென்று இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவருக்கு இடம் வேண்டும். அவ்விடத்தை அடைப்பதே எதிரணியின் தொழில். ஆறு இஸ்பேட்டுடன் எளிய கை வைத்திருப்பவர் 'இரண்டு இஸ்பேட்' என்று பாய்ந்தால், இடையிலுள்ள ஏழு கேள்விகள் ஒருங்கே மறைந்துவிடும். ஒரே இனம் இல்லாதவர்க்கும் வழியுண்டு. அமெரிக்க ஆட்டக்காரர் லூ மாத்தேயின் பெயரால் வழங்கும் முறையில், இரட்டித்தால் இஸ்பேட்டும் ஆடுதனும் உண்டு. 'ஒரு துரும்பின்மை' என்றால் கிளாவரும் டைமனும் உண்டு.

ஆயினும், துணிவு வேறு, கண்மூடித்தனம் வேறு. ஆபத்து நிலையில் இல்லாத கட்சி, இரட்டிக்கப்பட்டு மூன்று பிடி குறைந்தால் 500 புள்ளி இழக்கும். ஆபத்து நிலையிலுள்ள எதிரி நான்கு ஆடுதனில் வென்றால் பெறுவது 620. ஆதலின் அவ்விழப்பு இலாபமே. நான்கு பிடி குறைந்தாலோ இழப்பு 800 ஆகும், கணக்குத் தலைகீழாகும்.

வலிய கை வைத்திருப்பவர் முதற்சுற்றில் மௌனமாயிருத்தல் நன்று. சீட்டுக்கட்டின் மொத்தப் புள்ளி 40. தொடங்கியவரிடம் 16, இவரிடம் 14 எனின், மற்றை இருவர்க்கும் எஞ்சுவது பத்தே. கூட்டாளியிடம் பெரிதாக எதிர்பார்க்க இயலாது. பொறுத்திருந்து, எதிரியின் இனம் வெளிப்பட்டபின் பேசலாம்.

இறுதியாக ஒன்று. கூட்டாளிகளின் உடன்பாடு எதுவாயினும், எதிரி கேட்டால் அதை ஒளியாது விளக்குதல் ஆட்டவிதி. செயற்கைக் கேள்வி மறைமொழி அன்று. நால்வரும் அறிந்த மொழியாய் இருக்கும்போதே அது நேர்மையான ஆட்டமாகும்.