முப்பத்தெட்டு கிலோ பையனும் நாலு கிலோ துப்பாக்கியும்

(ஆடிப்பெருக்கை ஒட்டி நம் சங்கத்தார் கொல்லிமலை சென்றபோது, செம்மேட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நான் பேசியது. வர இயலாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.)

எழுபது கொண்டை ஊசி வளைவில் வயிறு கலங்கியவர்கள் எல்லாம் இப்போது தேறியிருப்பீர்கள். இரண்டாம் முறை சாம்பார் கேட்டவர்களைப் பார்த்தேன், அதனால் தைரியமாகப் பேசுகிறேன்.

இன்று வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி பார்த்தோம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவன் ஓரி என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். நான் கவனித்தது வேறு. சின்னப் பிள்ளைகள் கையில் இருந்த வில்லும் பெரியவர்கள் கையில் இருந்த வில்லும் ஒன்றல்ல. பெரியவர் வில்லைக் கொடுத்து "இழுடா" என்று யாரும் அதட்டவில்லை.

பக்கத்தில் நின்ற நம் பி பிளாக் அம்மா அப்போது ஒரு கேள்வி கேட்டார். "சார், என் பையன் பள்ளியில் என்.சி.சி. சேர்ந்திருக்கிறான். அடுத்த மாதம் ரைபிள் சுட வைப்பார்களாம். முப்பத்தெட்டு கிலோதான் இருக்கிறான். தோள்பட்டை கழன்று போகாதா?"

கழன்று போகாதம்மா. ஆனால் வேறொன்று கெட்டுப்போகும். அதை என் கதையாகவே சொல்கிறேன்.

கல்லூரியில் பி.காம். படித்தபோது நானும் என்.சி.சி.தான். நாற்பத்தேழு கிலோ. முதல் முறையே கையில் த்ரீ நாட் த்ரீ. குப்புறப் படுத்து, கட்டையைத் தோளில் லேசாக வைத்துச் சுட்டேன். உதைக்குமே என்று பயந்து அரை அங்குலம் தள்ளிப் பிடித்திருந்தேன். அந்த அரை அங்குலம்தான் வினை. ஒட்டி இருந்தால் தள்ளும், தள்ளி இருந்தால் குத்தும். காரை எலும்புப் பக்கம் ஒரு வாரம் கன்றிப் போயிருந்தது. அது ஆறிவிட்டது. அடுத்த நாலு குண்டுக்கும் விசையை இழுக்கும் முன்பே கண்ணை இறுக மூடிக்கொண்டேனே, அது ஆறவே இல்லை. மூன்று வருடமும் இலக்கு அட்டையில் என் குண்டு விழவில்லை. சக மாணவர்கள் சிரித்ததை விட, வீட்டில் "நன்றாகச் சுட்டேன்" என்று பொய் சொன்னதுதான் இன்றும் உறுத்துகிறது.

உதை எங்கிருந்து வருகிறது? வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் இது இரட்டைப் பதிவு. குண்டு முன்னால் போவது பற்று என்றால், துப்பாக்கி பின்னால் வருவது வரவு. இரண்டு பக்கமும் சரியாக இருந்தே தீரும். த்ரீ நாட் த்ரீ குண்டு சுமார் 11 கிராம், நொடிக்கு 740 மீட்டர் வேகம். பாயிண்ட் டூ டூ குண்டு இரண்டரை கிராம் சொச்சம், வேகம் 330 மீட்டர் அளவு. மருந்து எரிந்த புகையின் வேகத்தையும் சேர்த்து, இரண்டு துப்பாக்கியும் நாலு கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், பெரியதன் உதை ஆற்றல் சிறியதைப் போல நூறு மடங்குக்கும் மேல். பாயிண்ட் டூ டூ தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அதனால் அம்மா, பையன் கையில் கொடுப்பது பாயிண்ட் டூ டூவா என்று மட்டும் முதலில் கேளுங்கள். ஆம் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அதே குண்டுக்குத் துப்பாக்கி எடை இரண்டு மடங்கானால் உதை ஆற்றல் பாதியாகும். ஆனால் எடையை முப்பத்தெட்டு கிலோ பையன் எப்படித் தூக்கி நிற்பான்? அதற்குத்தான் மணல் மூட்டை. முன்பக்கத்தை அதன்மேல் சாய்த்துவிட்டால் எடையை மூட்டை தாங்கும்.

அடுத்தது அளவு. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பிள்ளைக்குச் செருப்பு வாங்கினால் நூறு தடவை போட்டுப் பார்க்கிறோம். கட்டையின் நுனியை முழங்கையின் உள்மடிப்பில் வைத்தால், விரல் இழுபடாமல் விசைக்கு எட்ட வேண்டும். நீளமாக இருந்தால் பிள்ளை உடம்பைப் பின்னால் வளைத்துப் பிடிக்கும், உதை வரும்போது தடுமாறும். பழைய த்ரீ நாட் த்ரீக்கே நெட்டை, சாதாரணம், குட்டை, அதற்கும் குட்டையாக 'பேன்டம்' என்று நாலு அளவில் கட்டை இருந்தது. முதல் உலகப்போரில் ஐந்தடிக்கும் ஐந்தடி மூன்றங்குலத்துக்கும் இடைப்பட்ட ஆட்களுக்கென்றே பிரிட்டிஷ் ராணுவத்தில் பேன்டம் படைப்பிரிவுகள் இருந்தன. எனக்குக் கொடுத்தது எந்தக் கட்டை என்று பார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

பிடிப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. எலும்பின் மேல் அல்ல, தோளுக்கும் மார்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் கட்டை அழுந்தி உட்கார வேண்டும், கன்னம் கட்டையில் பதிய வேண்டும். பெரிய துப்பாக்கி என்றால், நின்று சற்று முன்னால் சாய்ந்து சுடுபவனுக்கு உடம்பு பின்னால் ஆடி உதையை வாங்கிக்கொள்ளும். படுத்திருப்பவனுக்கு அது போக இடமில்லை, தோளே முழுதும் வாங்க வேண்டும். கட்டை நுனியில் ரப்பர் பட்டை இருந்தால் இன்னும் நல்லது.

காதை மறந்துவிடாதீர்கள். பிள்ளைகள் பாதி பயப்படுவது சத்தத்துக்குத்தான், உதைக்கு அல்ல. காதடைப்பான் போட்டாலே உதை குறைந்ததாகத் தோன்றும்.

என் பேத்திக்குப் பதின்மூன்று வயது, என்னைப் போலவே ஒல்லி. போன வருடம் துப்பாக்கி சுடக் கற்க வேண்டும் என்றாள். என் பழைய கதை நினைவுக்கு வந்து, பத்து மீட்டர் ஏர் ரைபிளில் சேர்த்தோம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் வரை போனது அந்தப் பிரிவில்தான். அழுத்தக் காற்றில் இயங்கும் அந்த ரைபிளில் உதை இல்லை என்றே சொல்லலாம். மலிவான ஸ்பிரிங் ஏர்கன் அப்படியல்ல. உள்ளே பிஸ்டன் பாய்வதால் பின்னால் ஒரு குலுக்கு, முன்னால் ஒரு குலுக்கு. விலை குறைவென்று அதை வாங்கி ஆரம்பிக்காதீர்கள்.

இந்த மாதம்தான் அவளுக்குப் பாயிண்ட் டூ டூ கொடுத்தார்கள். பயிற்சியாளர் ஒரு வேலை செய்தார். நடுவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். விசையை இழுத்தாள், வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி முனை சடாரென்று கீழே இறங்கியது. உதை வராமலே உதைக்குப் பயந்த உடம்பு! அன்று பத்து குண்டோடு நிறுத்திவிட்டார். "சலிக்கும் முன்னால் நிறுத்தணும் சார்" என்றார். எனக்கு அப்படி ஒரு உஸ்தாத் வாய்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. மதியம் கடைத்தெருவில் நம்மில் ஒருவர், "இங்கே நாட்டுத் துப்பாக்கி கிடைக்குமாமே, பையன்களுக்கு ஒரு வெடி காட்டலாமா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார், பெயர் சொல்ல மாட்டேன். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி இந்த மலையில் போலீசார் அறிவிப்பதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். குழாய் வாயில் கைக்கணக்காக மருந்து கிடிக்கும் துப்பாக்கி அது. ஒரு சிட்டிகை கூடினால் உதை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, குழாயே வெடிக்கலாம். சட்டப்படி உரிமம் வாங்கவே 21 வயது நிரம்ப வேண்டும். சிறுவர்கள் சுடலாம் என்றால் அது முறையான பயிற்சியில், பெரியவர் மேற்பார்வையில் மட்டுமே. எனக்குக் கோபம் வந்தது உண்மை, அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பி பிளாக் அம்மா, ஊர் திரும்பியதும் பையனை என்னிடம் அனுப்புங்கள். வீட்டுத் துடைப்பக் கட்டையை வைத்தே தோள் பள்ளம் எங்கே என்று காட்டித் தருகிறேன். ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும், காலை ஆறு மணிக்கு பஸ். எல்லோரும் போய்ப் படுங்கள்.