சுவருக்குள் சட்டம், வெளியிலே புகை!

(பள்ளத்தூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கடல் கடந்து பொருளீட்டியவர்கள் எழுப்பிய மாளிகைகள் நிமிர்ந்து நிற்கும் ஊர் இது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே நடந்துகொண்டே இருக்கலாம். அந்த மாளிகைகளுக்கு வெளியே, வேப்பமர நிழலிலே, தேநீர்க் கடைப் பலகையிலே, பேருந்து வரும் திசை நோக்கி நிற்பவர்களும் இவ்வூர் மக்கள்தாம். அவர்களைப் பற்றித்தான் பேச வந்தேன். அவர்கள் முகத்திலே வந்து மோதும் புகையைப் பற்றித்தான்.

புகையா, அது சிறு பொருளாயிற்றே என்று எண்ணாதீர்கள். பிறர் விடும் புகையைச் சுவாசித்தே உலகில் ஆண்டுதோறும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாள்கின்றனர். புகைத்தவன் ஒருவன், தண்டனை பெறுபவன் வேறொருவன்! இது நீதியா?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 1999-லே கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்தது. 2001-லே உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. 2003-லே நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. மருத்துவமனை, நீதிமன்றம், நூலகம், உணவு விடுதி ஆகிய இடங்களிலே புகைத்தல் ஆகாது என்றது. ஆனால் அதே மூச்சில், திறந்தவெளி பொது இடமாகாது என்றும் எழுதி வைத்தது!

திறந்தவெளியிலே வாழ்பவர் யார்? உழைப்பாளி. அவன் உண்பதும் இளைப்பாறுவதும் அங்கேதான். குழந்தையை இடுப்பிலே சுமந்த தாய் காத்திருப்பதும் அங்கேதான்.

2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், இரயில் நிலையத்தையும் பேருந்து நிறுத்தத்தையும் விளையாட்டரங்கையும் காப்புக்குள் கொண்டுவந்தன. வரவேற்போம். ஆயின் சந்தைத் திடல்? ஊருணிக் கரை? கூலிக்கு ஆள் எடுக்கும் முச்சந்தி? அவற்றின் பெயர் அங்கே இல்லை. ‘இவை போன்ற பிற இடங்கள்’ என்ற சொற்களுக்குள் அவை அடங்குமா என்று வாதாட வழக்கறிஞர் வேண்டும். ஏழைக்கு வழக்கறிஞர் ஏது?

மறுபுறம் பாருங்கள். 30 அறைகளுக்கு மேற்பட்ட தங்கும் விடுதி, புகைப்போருக்கென்று தனி இடமே ஒதுக்கலாம் என்கிறது அதே சட்டம். இருப்பவனுக்குத் தனி அறை. இல்லாதவனுக்கு அடுத்தவன் புகை!

ஊருக்கு ஊரும் பேதம் உண்டு. புகையற்ற நகரம் என்று 2007-லேயே பெயர் பெற்றது சண்டிகர். கடல் கடந்த பிரான்சிலே 2025 ஜூன் 29 முதல் பூங்கா, கடற்கரை, பேருந்து நிழற்குடை எங்கும் தடை. ஆனால் 2016-17 கணக்கெடுப்பின்படி புகையிலை பயன்படுத்துவோர் நம் நாட்டு நகரங்களிலே 100-க்கு 21 பேர்; சிற்றூர்களிலே 32 பேர். நோய் மிகுந்த இடத்திலேயன்றோ மருந்து மிகவேண்டும்? சிற்றூர்ப் பேருந்து நிறுத்தத்திலே அபராதச் சீட்டோடு அதிகாரி நின்றதை உங்களில் எத்தனை பேர் கண்டீர்கள்?

அதற்காக, பீடி பிடிக்கும் தோழன்மீது தடியை ஓங்கச் சொல்லவில்லை. பசியை மறக்கப் பீடியைப் பற்றவைத்தவன் அவன். 200 ரூபாய் வரை அபராதம் என்றால், செல்வனுக்கு அது சில்லறை. அவனுக்கோ அன்றைய அடுப்பு. நெல்லை, தென்காசிப் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் தாய்மார்களுக்கு மாற்றுத் தொழில் தராமல் புகையை ஒழிப்போம் என்பதும் அரைகுறைப் பேச்சே. பழக்கத்தை விட மருத்துவ உதவி, பிழைக்க வேறு வழி, பிறகே தண்டம். இதுவே நம் முறை.

இனி, நம் கடமை. சந்தையையும் முச்சந்தியையும் பெயர் சொல்லிக் காக்கும் வகையில் விதியைத் திருத்தக் கேட்போம். மகளிர் கல்லூரி உள்ள ஊர் இது. கல்விக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்ற விதி இங்கே நடக்கிறதா என்று அளந்து பார்ப்போம்.

அதற்கும் முன்னே ஒன்று. இந்தத் திடலின் பின்வரிசையிலே, நான் பேசும்போதே சில புகைச் சுருள்கள் எழக் கண்டேன். முன்வரிசையிலே தாய்மார்கள், மடியிலே குழந்தைகள். சட்டம் திறந்தவெளியை மறந்திருக்கலாம், நாம் மறக்கலாமா? அடுத்த கூட்டம் முதல், நம் திடலிலே புகை இல்லை என்று ஆகட்டும். ஊரைக் கேட்கும் உரிமை அன்றுதான் நமக்கு வரும்.