யார் போட்ட கையெழுத்து?



மருத்துவ மாணவர்கள் நிறைந்த அவை இது. அதனால் ஒன்றை மட்டும் பேசுகிறேன்.

2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி குறித்த ஆய்வு நடந்தது. ஊசி போடப்பட்ட சிறுமிகளில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். தடுப்பூசியை நான் குறை சொல்லவில்லை. அது உயிர் காப்பது. என் கேள்வி ஒப்புதலைப் பற்றியது. ஆந்திராவின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள்; 1,948இல் வெறும் கைநாட்டு. இதைச் சொன்னது 2013இல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை.

இந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழு அனுமதி இருந்தது. பிறகு எப்படி நடந்தது?

“அவங்களுக்குச் சொன்னா புரியாது சார்” என்று மருத்துவர்கள் சொல்ல நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உனக்குப் புரியாது, உனக்காக நான் முடிவெடுக்கிறேன் என்பது இந்த நாட்டில் யார் யாரிடம் சொன்ன சொல் என்று நமக்குத் தெரியும். வெள்ளைக் கோட்டு போட்டதால் அது அறிவியலாகிவிடாது.

2019 விதிகளின்படி குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும். ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர், ஒரு சாமானியர் கட்டாயம். தலித், பழங்குடி ஒருவர் கட்டாயம் என்று இல்லை.

நாளை நீங்கள் அந்தக் குழுக்களில் உட்காருவீர்கள். அந்தச் சாமானியர் நாற்காலி ஆய்வுக்கு உட்படும் மக்களுக்கே வேண்டும் என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடிந்ததா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.