எங்கள் கட்டுக்கு எந்தக் கவுன்டர்?

(பெங்களூரில் ஒரு தமிழ்க் காலாண்டிதழின் ஆண்டுக் கூட்டத்தில் அதன் ஆசிரியர் பேசியது)

தோழர்களே, பாதி புரிந்தாலும் போதும் என்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் கன்னட நண்பர்களே,

அழைப்பிதழில் என் தலைப்பை 'இலக்கியத்தில் பன்மைக் குரல்கள்' என்று போட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புத்தான். ஆனால் நான் தபால் ஆபீஸைப் பற்றித்தான் பேசப் போகிறேன். யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பத்து நிமிஷம் கழித்துச் சிரிப்பு வருகிறதா என்று பார்ப்போம்.

சிறுபத்திரிகை நடத்தியவனுக்குத்தான் தெரியும், இதழைக் கட்டித் தபாலில் சேர்க்கிற வேலை. காக்கித் தாளில் சுற்றி, சணல் கட்டி, இரண்டு பக்கமும் திறந்தபடி விடவேண்டும். உள்ளே கடுதாசி வைத்து ஏமாற்றுகிறோமா என்று அதிகாரி எட்டிப் பார்க்க வசதியாக. இடது மூலையில் 'புக் போஸ்ட்' என்று முத்திரை. எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பசை வாசனையோடு இது நடக்கும். போன வருஷம் அந்தக் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு தபால் கிளைக்குப் போனேன். எந்தக் கிளை என்று சொல்ல மாட்டேன், அங்கே இருந்த அம்மா நல்லவர். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார், மறுபடி தட்டினார். "சிஸ்டம்னல்லி பர்தா இல்லா சார்" என்றார். சிஸ்டத்தில் வரவில்லையாம்! ஒரு சேவை செத்துப்போன செய்தி இந்த நாட்டில் இப்படித்தான் வீட்டுக்கு வருகிறது.

2024 டிசம்பர் 18. அந்தத் தேதியில்தான் பதிவு புத்தக அஞ்சலை நிறுத்தினார்கள். புத்தகம் என்பதற்காகவே குறைந்த கட்டணத்தில் கட்டைச் சுமந்து போன சேவை அது. பதிப்பாளர்கள் கத்தினார்கள். கத்தியதில் பலன் இருந்தது. 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்தது. 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய். சந்தோஷம். உடனே ஓடினேன். விதியைப் படித்துப் பார்த்தால், பருவ இதழ்களுக்கு இது கிடையாது! விளம்பரம் போட்டிருந்தாலும் கிடையாது!

சரி, பத்திரிகைக்கு என்றே ஒரு சலுகைக் கட்டணம் உண்டே, அதில் அனுப்பலாமே என்பீர்கள். அது யாருக்கு? 1898ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம் 31 நாளுக்கு மேல் இடைவெளி விட்டு வருவதைச் செய்தித்தாளாகவே ஒப்புக்கொள்ளவில்லை. 2023இல் அந்தச் சட்டத்தைத் தூக்கிவிட்டுப் புதுச் சட்டம் போட்டார்கள், அடிமைத்தனத்தின் சின்னம் ஒழிந்தது என்று மார்தட்டினார்கள். காலாண்டிதழ்க்காரன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். நாங்கள் புத்தகமும் இல்லை, ஏனென்றால் பத்திரிகை. பத்திரிகையும் இல்லை, ஏனென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இரணியன் கேட்ட வரம் மாதிரி உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் வாசற்படியில் கிடக்கிறோம். அவனுக்காவது வயிற்றைக் கிழிக்க ஒருத்தர் வந்தார். எங்களுக்கு 'நெக்ஸ்ட்' என்று கூப்பிடத்தான் ஆள் இருக்கிறது.

இதைச் சொன்னால் ஒரு கூட்டம், "இணையத்தில் போடுங்களேன் சார், இன்னுமா தபால்தலை நக்குகிறீர்கள்?" என்கிறது. இன்னொரு கூட்டம், "யாரையெல்லாமோ போடுகிறீர்கள், தரம் போய்விட்டது, அது நின்றால்தான் என்ன?" என்கிறது. முதல் கூட்டத்துக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன். இரண்டாவது கூட்டத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அய்யா தரக்காரரே, உங்கள் பத்திரிகையையும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் நீங்கள். தலையங்கம் நீங்கள். கட்டுரை மைத்துனர். மொழிபெயர்ப்பு மைத்துனர் மனைவி. மதிப்புரை, மைத்துனர் புத்தகத்துக்கு நீங்கள் எழுதியது. இதில் தரம் எந்தப் பக்க எண்ணில் இருக்கிறது என்று சொன்னால் நானும் பயன்பெறுவேன்.

இந்தத் தரப் பேச்சு இந்த மாநிலத்துக்குப் புதிதில்லை. 1979இல் தர்மஸ்தலாவில் கன்னட சாகித்திய சம்மேளனம் நடந்தது. தலித் இலக்கியத்துக்குத் தனி அமர்வு கேட்டார்கள். இலக்கியம் என்றால் இலக்கியம்தான், அதில் தலித் என்ன, மற்றது என்ன என்று மறுத்துவிட்டார்கள். கேட்டவர்கள் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. அதே வருஷம் மார்ச் மாதம் இதே பெங்களூரில் கூடி பண்டாய சாகித்திய இயக்கத்தை, அதாவது கலக இலக்கிய இயக்கத்தை, தொடங்கினார்கள். அந்த இயக்கத்தோடு சேர்ந்து எழுத வந்தவர்தான் ஹாசனைச் சேர்ந்த பானு முஷ்தாக். லங்கேஷ் பத்திரிகையில் நிருபராக வேலை பார்த்தவர். பி. லங்கேஷ் 1980இல் தொடங்கி, விளம்பரமே வாங்காமல் வாசகன் கொடுத்த காசில் மட்டும் நடத்திய வாரப் பத்திரிகை அது. 2025 மே மாதம் அந்த அம்மையாரின் கதைகளுக்கு, தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில், சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. புத்தகத்தைப் போட்டதும் பெரிய கம்பெனி இல்லை, ஷெஃபீல்டில் இருக்கிற ஒரு சிறிய பதிப்பகம்.

உடனே கட்சி பேதமில்லாமல் வாழ்த்து அறிக்கை. அவரைத் தசராவைத் தொடங்கி வைக்கக் கூப்பிட்டதும் ஒரு கூட்டம் கோர்ட்டுக்கு ஓடியது, அது வேறு அசிங்கம். நான் கேட்பது வாழ்த்தியவர்களை. அடுத்த பானு முஷ்தாக் எங்கே எழுதிக்கொண்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியும். மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார். 2001இல் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு தங்கவயலின் பாதி அந்த ரயிலில்தான் வாழ்கிறது. உட்கார இடம் கிடைத்தால் கோடு போட்ட நோட்டில் எழுதுகிறார், கிடைக்காவிட்டால் மனசில் எழுதுகிறார். நாலாவது கதையைத்தான் நாங்கள் போட்டோம். முதல் மூன்றை ஏன் போடவில்லை என்று பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினோம். பன்மை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவது என்று நினைக்கிறவர்கள் அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். அச்சான இதழ் கையில் வந்தபோது அவர் அம்மா அதை முறத்தில் வைத்துத் தெரு முழுக்கக் காட்டியிருக்கிறார். பிடிஎஃபை எந்த முறத்தில் வைப்பது?

அந்தத் தங்கவயலை லேசாக நினைக்காதீர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19இல் சென்னை ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அதற்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள். சுரங்கத்தில் இறங்கி ஏறுகிறவர்கள்! பண்டிதர் 1914இல் காலமானார். பிற்பாடு, 1926இல், ஜி. அப்பாதுரையார் அதே 'தமிழ'னை அந்தத் தங்கவயலிலிருந்தே மறுபடி கொண்டுவந்தார். கர்நாடகத்தில் தமிழ்ச் சிறுபத்திரிகை என்றால் நம் ஆட்கள் எண்பதுகளின் 'படிகள்' என்பார்கள், தமிழவன் என்பார்கள். மரியாதைக்குரிய பெயர்கள்தான். ஆனால் கணக்கை அங்கிருந்து தொடங்கினால் பாதிக் கணக்குத்தான்.

தங்கவயல் மட்டுமில்லை. யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் தொழிலாளி. 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நடத்தினார். தொடக்கத்தில் சலூனே ஆசிரியர் அலுவலகம். தெருவில் கையில் வைத்துக்கொண்டு விற்றார். சாதியால் ஒதுக்கப்பட்டவர்களை எழுத வைத்தார், சிங்களக் கதைகளைத் தமிழில் போட்டார். யுத்த காலத்தில், தோழர்களே! சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கினார். திருகோணமலையிலிருந்து தபாலில் கவிதை வந்தது. அனுப்பியவர் இருபது வயதுப் பையன், பெயரே யாரும் கேள்விப்படாதவர். செல்லப்பா போட்டார். அந்தப் பையன்தான் பிரமிள். திருவல்லிக்கேணியில் இருந்த ஆசிரியருக்கும் திருகோணமலைப் பையனுக்கும் நடுவே யார் இருந்தார்? தபால்காரர் இருந்தார். அந்தத் தபால்காரரைத்தான் நம்மிடமிருந்து பிடுங்குகிறார்கள்.

போதாக்குறைக்குத் தாள். 2025 செப்டம்பர் 22 முதல் அச்சுத் தாளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 18 சதவீதம். ஸ்கூல் நோட்டுக்கான தாளுக்கு வரி இல்லை, நல்லது. அச்சடித்த புத்தகத்துக்கும் வரி இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். விற்பனைக்கு வரி இல்லை என்பதால் தாளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. வெற்றுத் தாளுக்குச் சலுகை, எழுதிய தாளுக்குத் தண்டனை. யாருடைய மூளையய்யா இது?

நம்மவர்களையும் விட்டுவிட மாட்டேன். பட்டிமன்றத்துக்கு நடுவரை விமானத்தில் கூட்டிவந்து ஓட்டலில் தங்க வைக்கிற தமிழ்ப் பிரமுகரிடம் சந்தா கேட்டேன். "பிடிஎஃப் இருந்தா வாட்ஸ்அப்ல தட்டி விடுங்க" என்றார். அவர் வீட்டு நாய்க்கு மாதம் வருகிற பிஸ்கட் பார்சலுக்கு டெலிவரி கட்டணம் கொடுக்கத் தயங்குகிறவர் அல்ல அவர்.

கோரிக்கை ஒன்றே ஒன்று. ஞான் போஸ்ட் விதியில் பருவ இதழ்களை விலக்குகிற வரியை எடுங்கள். பணம் வேண்டாம், விருது வேண்டாம், மாலை வேண்டவே வேண்டாம். அந்த ஒரு வரி! கன்னட நண்பர்களே, உங்கள் காலாண்டிதழ்களுக்கும் இதே கதிதான், ஆகவே மனு இரண்டு மொழியிலும் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் வெளியே போகாதீர்கள்.

அதுவரைக்கும் நாம் சும்மா இருக்கப் போவதில்லை. வாசலில் மேஜை மேல் ஊர் பெயர் எழுதிக் கட்டுகள் இருக்கின்றன. ஓசூர் பஸ் பிடிக்கிறவர்கள் ஓசூர் கட்டை எடுங்கள். சேலம் போகிறவர்கள் சேலம் கட்டு. தங்கவயல் ரயில்காரர்கள் முதலில் வாருங்கள், உங்களுக்கு நேரமாகிவிட்டது. எடுத்துக்கொண்டு போகிற கையோடு ஆண்டுச் சந்தாவையும் கட்டிவிட்டுப் போங்கள்.