ஸ்கிரிப்டை எங்க வைக்கிறது?

போன எபிசோட்ல ஸ்கிரிப்ட் எழுதுறது பத்திப் பேசினோம். இன்னிக்கு, எழுதினதை எங்க வைக்கிறதுன்னு பார்ப்போம்.

நாட்டரசன்கோட்டையில எங்க பெரியப்பா டிடிபி கடை வெச்சிருக்கார். கல்யாணப் பத்திரிகை, கண்ணாத்தாள் கோயில் விழா நோட்டீஸ், இதுதான் முக்கால்வாசி வேலை. பழைய ஃபைல் எல்லாம் பாமினி ஃபாண்ட். அதுக்குள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், தமிழ் வெறும் முகமூடி. 'கொ' வேணும்னா என், எஃப், ஹெச்: கொம்பு, க, கால். யூனிகோட்ல முதல்ல க, அப்புறம்தான் குறி.

ஒரு தடவை பழைய பத்திரிகை ஒண்ணை ஏதோ வெப்சைட்ல போட்டு யூனிகோடா மாத்தி, அவசரத்துல அச்சடிச்சுட்டார். நகரத்தார் வீட்டு இனிஷியல் தெரியுமில்ல? சொ., மெ., லெ. எல்லாம் கொம்புதான். கொம்பும் காலும் தனித்தனியா நிக்குது. மாப்பிள்ளையோட பி.ஈ. பட்டம் கூட ஏதோ தமிழ் எழுத்தாயிடுச்சு. ஆச்சி பத்திரிகையைப் பார்த்துட்டு, "எங்க அய்யா பேரு எங்கப்பா?"ன்னு கேட்டாங்க. 600 பத்திரிகை. காசு பெரியப்பாவோடது.

நான் பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். அவர் தொடவே இல்ல. அவர் இன்டிசைனை விட்டு வெளிய வரமாட்டார். யோசிச்சா அவர் சொல்றதுதான் சரி. டெக்ஸ்டைக் காப்பி பண்ணி வெளிய எடுத்ததும் ஃபாண்ட் தகவல் போயிடும். எது தமிழ், எது பி.ஈ.ன்னு யாருக்குத் தெரியும்? இன்டிசைனுக்குத் தெரியும்.

அதனால ஜாவாஸ்கிரிப்ட்ல திரும்ப எழுதினேன். பாமினில இருக்கிறதை மட்டும் தேடு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பாரு, ஏன்னா சின்ன என் ஒற்றைக்கொம்பு, பெரிய என் இரட்டைக்கொம்பு. 'கொ'வை முதல்ல மாத்து, அப்புறம் 'கெ', கடைசியா தனி 'க'. மாறினதுக்கு உடனே புது ஃபாண்ட் போடு, இல்லன்னா அதையே திரும்ப மாத்தும்.

வைக்கிறது சுலபம். விண்டோ மெனுவுல யுடிலிட்டீஸ், அதுல ஸ்கிரிப்ட்ஸ். யூசர்ங்கிற ஃபோல்டர்ல ரைட் கிளிக் பண்ணித் திறந்து, ஃபைலை உள்ள போட்டா பேனல்ல பேர் வந்துடும். ரீஸ்டார்ட் வேண்டாம். எடிட் மெனுவுல கீபோர்டு ஷார்ட்கட்டும் வெச்சுக் கொடுத்தேன். இப்போ ஒரே அழுத்துதான்.

(வேர்டுல மேக்ரோ எழுதுறவங்க நார்மல் டெம்ப்ளேட்ல வைங்க. ஒரு டாக்குமென்டுக்குள்ள வெச்சா அதோடயே போயிடும்.)

போன மாசம் போன் வந்துது. "தம்பி, புது வெர்ஷன் போட்டேன், உன் சாமானைக் காணோம்டா." அந்த யூசர் ஃபோல்டர் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி. பழசுலேர்ந்து காப்பி பண்ணிப் போடச் சொன்னேன். அவரே போட்டுட்டார்.