பள்ளி வாயிலில் ஓர் அபயதானம்

(மகாவீர ஜெயந்தி விழாச் சொற்பொழிவு)



எழுத்தறிவிக்கும் இடத்தைத் தமிழ்மொழி 'பள்ளி' என்றே அழைக்கிறது. அருகன் நெறி நின்ற துறவியர் உறைந்த பள்ளிகளில் ஊர்ப்பிள்ளைகள் கல்வி பயின்றதால் அப்பெயர் நிலைத்தது என்பது அறிஞர் பலர் கூறும் விளக்கம். கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என மரபு கூறும் பவணந்தி முனிவர், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இலக்கணத்தையும் மாணாக்கர் இலக்கணத்தையும் வகுத்துரைத்தார். இவ்விருவரோடு இன்று மூன்றாமவர் ஒருவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர்.

காவிரிக்கரை மோகனூர், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888ஆம் ஆண்டில் பிறந்த ஊர். கரும்பு வயலும் சர்க்கரை ஆலையும் இவ்வூரின் அடையாளங்கள். சுற்றுவட்டாரத்தில் கோழிப்பண்ணையும் லாரித் தொழிலும் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. கரும்பு வெட்டும் பருவத்தில் தாய் விடியுமுன் வயலுக்குச் செல்கிறாள். லாரி ஓட்டும் தந்தை வடநாடு சென்று பல நாள் கழித்துத் திரும்புகிறார். இத்தகைய குடும்பத்தைப் பகல் பதினொரு மணிக் கூட்டத்திற்கு அழைத்தால் எவ்வாறு வர இயலும்? "பெற்றோர்க்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது. வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்பதை அச்சொல் கணக்கில் கொள்வதில்லை.

கூலியினும் பெரிய தடை ஒன்று உண்டு, அது அச்சம். தாம் படிக்காதவர் என்னும் கூச்சத்தோடு பள்ளி வாயிலில் நிற்கும் பெற்றோர், குறை கேட்பதற்கும் கையொப்பம் இடுவதற்கும் மட்டுமே அழைக்கப்பட்டால், அடுத்த முறை வர மனம் ஒப்பார்.

ஊரும் பள்ளியும் கைகோத்த காலம் தமிழகத்தில் உண்டு. காமராசர் ஆட்சியில், கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கம் 1958ஆம் ஆண்டில் கடம்பத்தூரில் தொடங்கிற்று. பள்ளிக்கு வேண்டியவற்றை ஊரார் கூடிப் பட்டியலிட்டனர். கட்டடமும் இருக்கையும் சீருடையும் தம்மால் இயன்றவாறு வழங்கினர். "அரசுப் பள்ளி" அவர்களுக்கு "எங்கள் ஊர்ப் பள்ளி" ஆயிற்று.

அவ்வுணர்வு இன்று சட்டமாகவும் நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராகவும், உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நலிவுற்ற பிரிவினரின் பெற்றோர்க்கும் உரிய பங்கு தரப்படல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் நிதி செலவாவதைக் கண்காணிப்பதும் அக்குழுவின் கடமைகள். ஆயினும், நாற்காலி தருவதால் மட்டும் நா எழுந்துவிடாது.

நா எழுவதற்கு வழி யாது? பள்ளி முதலில் வீட்டைத் தேடிச் செல்ல வேண்டும். பெருந்தொற்றுக்குப் பின், 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' அவ்வழியைக் காட்டியது. அவ்வப்பகுதித் தன்னார்வலர்களே மாலை வேளையில் பிள்ளைகளின் இருப்பிடத்திற்கு அருகில் அமர்ந்து கற்பித்தனர். அதுபோல், ஆசிரியரின் முதல் வருகை பிள்ளையைப் பற்றிய ஒரு நற்செய்தியோடு அமையட்டும். கூட்டம் வேலை முடிந்த மாலையில், தெருவிலேயே கூடட்டும். சுற்றறிக்கையை வாசித்துக் காட்டுவதோடு நில்லாமல் பெற்றோரைப் பேசவிட்டுக் கேட்கட்டும். கரும்பின் பருவம் அறிந்த தாயும், பல மாநிலச் சாலைகளை அறிந்த தந்தையும் ஒரு நாள் வகுப்பில் பேசினால், தம் வீட்டிலும் அறிவு உண்டு என்பதைப் பிள்ளை உணரும்.

சமவசரணத்தின் சிறப்பு யாது? அங்கே தேவரும் மனிதரும் விலங்கும் தத்தமக்குரிய இடத்தில் பகை நீங்கி அமர்ந்தனர். பகவானின் திவ்யத்தொனியை அவரவர் தத்தம் மொழியில் உணர்ந்தனர். புறத்தே நிறுத்தப்பட்டவர் அங்கே எவருமிலர். பள்ளிக் கூட்டத்திற்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேறில்லை.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகை. குறிப்பேடும் சீருடையும் வழங்கும் சமணக் குடும்பங்கள் சாத்திரதானத்தில் குறைவைத்ததில்லை. ஆனால் மேடையில் நின்று கொடுப்பவரும் கீழே வரிசையில் நின்று பெறுபவரும் ஒரே பாயில் அமர்ந்து பேசியதுண்டா? பொருள் வழங்கும் முன், "உங்கள் பிள்ளைக்கு என்ன வேண்டும்?" என்று அத்தாயிடம் கேட்டதுண்டா? அச்சம் நீக்குவதே அபயதானம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் கூசாமல் பள்ளிக்குள் நுழைந்து, தலைமையாசிரியர் எதிரே அமர்ந்து, தன் மகளின் படிப்பைப் பற்றித் தன் சொல்லில் கேட்கத் துணிவாளாயின், அத்தானம் நிறைவேறியதாகும். அதற்குச் செலவாவது பொருளன்று. சிறிது நேரமும் பணிவுமே.

இவ்வாண்டு விழா முடிந்தபின், ஒவ்வொரு குடும்பமும் தன் அருகிலுள்ள ஊர்ப்பள்ளிக்கு ஒரு மாலை சென்று, பெற்றோரோடு அமர்ந்து கேட்பதை நோன்பாகக் கொள்க.

அறம் வளர்க. அருகன் திருவடி வாழ்க.