இரண்டு பேருக்கு ஒன்றரை முட்டை



கொக்கட்டிச்சோலையில் கைப்பக்குவம் உள்ள ஒரு அம்மாவிடம் போய், பயற்றம் பணியாரத்துக்கு அளவு சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு கொத்துப் பயறு" என்றுதான் தொடங்குவா. இரண்டு பேருக்கு மட்டும் என்று சொன்னால் சிரிப்பா. தொதல் என்றால் இன்னும் மோசம். கை மாற்றிக் கிண்டுவதற்கே மூன்று பேர் வேண்டும். எங்களுடைய இனிப்புகளின் அளவுகள் எல்லாம் வீடு நிறைய ஆட்கள் இருந்த காலத்து அளவுகள். தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்கு வந்து இறங்கும் சொந்தபந்தம் அத்தனைக்கும் கொடுத்து, போகும்போது கட்டியும் விடவேண்டும் என்ற கணக்கில் வந்தவை.

இப்போது மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், எங்கள் படுவான்கரையில் எத்தனையோ வீடுகளில் இரண்டே பேர். மகன் கட்டாரில், மகள் கொழும்பில், அல்லது கலியாணம் முடித்து வாவிக்கு அக்கரையில் எழுவான்கரைப் பக்கம். இரண்டு வயிற்றுக்காக யார் தாச்சி வைப்பது? பின்னேரம் பிளேன்டீயோடு இரண்டு பிஸ்கட், அதோடு சரி. புதிதாகக் கலியாணம் முடித்துத் தனிக்குடித்தனம் வந்த சோடிகளுக்கும் இதே கதைதான். இவர்களுக்காகவே இன்று ஒரு இனிப்பைச் சொல்லப்போகிறேன். உருகும் சொக்லேட் கேக். நகரத்துக் கடைகளில் இளம்பிள்ளைகள் லாவா கேக் என்று கேட்டு வாங்குவார்களே, அதுதான். வெளியே வெந்த கேக், கரண்டியை வைத்தால் உள்ளேயிருந்து சூடான சொக்லேட் கெட்டியாக வழிந்து வரும். இதன் அளவு இரண்டு பேருக்குக் கச்சிதமாக நிற்கும் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். வீட்டில் ஓவன் இல்லையே என்று வானொலியை மூடிவிடாதீர்கள். பிட்டு அவிக்கிற வீட்டில் இதற்கு வேண்டியது இருக்கிறது.

இந்தக் கேக்கை யார் முதலில் செய்தார் என்பதில் ஒரு பழைய வழக்கு உண்டு. பிரான்சின் லகியோல் என்ற ஊரில் உணவகம் நடத்திய மிஷெல் ப்ரா, 1981இல் ஒன்று செய்தார். சொக்லேட்டையும் பாலாடையையும் சேர்த்து உறையவைத்த உருண்டையை மாவுக் கலவையின் நடுவில் புதைத்து வேகவைத்தார். கேக் வெந்துவிடும், உருண்டை உருகி நிற்கும். 1987இல் நியூயோர்க்கில் ஜோன் ஜோர்ஜ் வொங்கரிக்டன் என்ற சமையற்காரர் வேறு வழியில் வந்தார். ஒரு பெரிய விருந்துக்குச் செய்த கேக்குகளை நேரத்துக்கு முன்பே எடுத்துவிட்டாராம், நடு வேகவில்லையாம், விருந்தினர்கள் அதையே கொண்டாடினார்களாம். இது அவர் சொல்லும் கதை. இவர்கள் இருவருக்கும் முன்னே, 1966இல், அமெரிக்காவின் ஹியூஸ்டனைச் சேர்ந்த எல்லா ஹெல்ஃப்ரிச் என்ற இல்லத்தரசி, நடுவில் குழைவாக நிற்கும் சொக்லேட் கேக் ஒன்றைப் பெரிய சமையல் போட்டியில் வைத்து இரண்டாம் பரிசு வாங்கியிருந்தார். வழக்கைத் தீர்ப்பது என் வேலை இல்லை. எனக்கு வேண்டியது அந்த இரண்டு வழிகள்: நடுவைப் பாதியில் நிறுத்துவது, அல்லது நடுவில் உருகக்கூடிய ஒன்றைப் புதைப்பது. கொக்கட்டிச்சோலை அடுப்படிக்கு இரண்டுமே பயன்படும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சாமான். பேனா எடுத்துக்கொள்ளுங்கள், அளவை இரண்டு தரம் சொல்வேன். சொக்லேட் 80 கிராம். பட்டர் 55 கிராம். முழு முட்டை ஒன்று, அதற்கு மேலே ஒரு மஞ்சள்கரு மட்டும். சீனி இரண்டு மேசைக்கரண்டி. கோதுமை மா ஒரு மேசைக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. திரும்பவும்: சொக்லேட் 80, பட்டர் 55, ஒரு முட்டையும் ஒரு மஞ்சள்கருவும், சீனி இரண்டு, மா ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. தராசு வேண்டாம். சொக்லேட் பொதியிலும் பட்டர் பொதியிலும் நிறை அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துக் கத்தியால் பங்கிட்டாலே போதும்.

இந்த அளவு முட்டையிலிருந்து பிறந்தது. சீனியைப் பாதியாக்கலாம், மாவைக் கால்வாசியாக்கலாம், முட்டையைப் பாதியாக்க முடியுமா? பெரிய கேக் ஒன்றை இரண்டு பேருக்குச் சுருக்கப்போனால் இங்கேதான் இடறும். இதில் அந்தச் சிக்கல் இல்லை. நான்கு பேருக்கு இரண்டு முட்டையும் இரண்டு மஞ்சள்கருவும் போடுவது வழக்கம். அதைச் சரிபாதியாக்கினால் எதையும் உடைக்க வேண்டியதில்லை. ஊர்க்கோழி முட்டை என்றால் சிறிது, அப்போது மஞ்சள்கருவை இரண்டாக்குங்கள்.

சொக்லேட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். எங்கள் நாட்டில் கொக்கோ விளைகிறது. மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கங்களில். 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் தலைகாட்டி, பிறகு கோப்பித் தோட்டங்களே அழிந்தபோது, மாற்றுப்பயிர் தேடிய தோட்டக்காரர்கள் தேயிலையோடு கொக்கோவையும் நட்டார்கள். ஆனாலும் ஊர்க் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பால் சொக்லேட்தான். அதை வைத்தும் செய்யலாம். சீனியை ஒரு கரண்டியாகக் குறையுங்கள், வழிவது கொஞ்சம் இளக்கமாகவும் தித்திப்பாகவும் இருக்கும். கசப்பான கறுப்பு சொக்லேட் வேண்டுமானால் மட்டக்களப்பு நகரத்துக்குப் போகவேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததிலிருந்து அது ஒரு பயணமே இல்லை. பாதைப் படகில் வாவி கடக்கக் காத்து நின்ற காலத்தில் சொக்லேட் வாங்கிவந்தால் கரைக்கு வந்து சேர்வது பாணிதான்.

வாங்கும்போது பொதியின் பின்பக்கத்தைப் படியுங்கள். கொக்கோ பட்டர் என்று இருந்தால் நல்லது. சமையல் சொக்லேட் என்று மலிவாக விற்கும் கட்டிகள் பலவற்றில் கொக்கோ பட்டருக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். வெயிலில் நின்று பிடிக்கும், ஆனால் வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். கொக்கோ பட்டரோ 34 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். எங்கள் உடம்புச் சூடு 37. சொக்லேட் நாக்கில் வைத்ததும் கரைவது அதனால்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் படுவான்கரை மத்தியானமே 34ஐத் தாண்டிவிடும். அந்த நாட்களில் உருக்குவதற்கு அடுப்பே தேவைப்படாது என்று சொன்னாலும் தப்பில்லை.

மற்ற நாட்களில் உருக்கும் விதம் இது. ஒரு சட்டியில் தண்ணீரைச் சூடாக்கி இறக்கி, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, நறுக்கிய சொக்லேட்டையும் பட்டரையும் போட்டுக் கிளறுங்கள். கிண்ணமும் கரண்டியும் உலர்ந்திருக்கட்டும். உருகிய சொக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் போச்சு, சீனியும் கொக்கோத் தூளும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி, திரிதிரியாகக் கட்டிப்படும். வேறொரு கிண்ணத்தில் முட்டை, மஞ்சள்கரு, சீனி, உப்பு நான்கையும் நிறம் வெளிறி நுரைத்து வரும்வரை அடியுங்கள். சொக்லேட் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு இதில் ஊற்றிக் கலந்து, மாவைத் தூவி, மாத் தெரியாமல் மறையும் மட்டும் கிளறி நிறுத்துங்கள். அதற்கு மேல் கிளறினால் கேக் இறுகும்.

இனி அவிப்பது. தேநீர்க் கோப்பை அளவில், அகலமான இரண்டு சில்வர் கிண்ணங்கள். உள்ளே பட்டர் பூசி, மாத் தூவி, அதிகப்படியானதைத் தட்டிவிடுங்கள். கலவையை முக்கால் கிண்ணத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். இடியப்பப் பானையிலோ பிட்டுப் பானையின் மேல் தட்டு வைத்தோ, தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகுதான் கிண்ணங்களை வைக்கவேண்டும். மூடியை ஒரு துணியால் சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மூடியில் முத்துக்கட்டும் தண்ணீர் கேக்கின் தலையில் சொட்டும். 10 நிமிடத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். 12 நிமிடத்துக்குள் அநேகமாக முடிந்துவிடும்.

எது அடையாளம்? கிண்ணத்தை மெல்ல ஆட்டுங்கள். ஓரம் அசையாமல், மினுக்கம் போய் மங்கலாக இருக்கவேண்டும். நடுவில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு வட்டம் மட்டும் இன்னும் மினுங்கிக்கொண்டு, ஆட்டினால் தளும்பவேண்டும். அந்த இடத்தில் இறக்குங்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு, கத்தியை ஓரத்தில் ஓட்டி, கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துப் பிடித்துத் திருப்புங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். முட்டையின் வெள்ளைக்கரு 60 பாகைக்குச் சற்று மேலே இறுகத் தொடங்கும், மஞ்சள்கரு 65க்கும் 70க்கும் இடையில். சூடு கிண்ணத்தின் விளிம்பிலிருந்து நடுவுக்கு மெதுவாகத்தான் போகும். ஓரம் இறுகி, நடு இன்னும் அந்தச் சூட்டைத் தொடாத சில நிமிடங்கள் இருக்கின்றன. அந்தச் சில நிமிடங்களுக்குள் இறக்கிவிட்டால் லாவா, தவறவிட்டால் சும்மா கேக். அதுவும் மோசமில்லை, ருசியான கேக்தான். காத்தான்குடியில் வட்டிலப்பம் அவிக்கிற பெண்களுக்கு இதைச் சொல்லித்தரவே தேவையில்லை. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஆவியில் எந்தக் கணத்தில் இறுகும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். அவர்கள் இறுகும்வரை விடுகிறார்கள், இதில் அதற்கு முன்னால் நிறுத்துகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான். ஓவன் உள்ளவர்கள் 230 பாகையில் 12 நிமிடம் வைக்கலாம், கிண்ணம் சிறிது என்றால் இன்னும் குறையும். ஓவனில் மேல்தோல் கொஞ்சம் மொறுமொறுப்பாக வரும். ஆவி 100 பாகையைத் தாண்டாது, ஆகவே தோல் மெத்தென்றிருக்கும். என் வாய்க்கு ஆவிதான் பிடிக்கிறது.

ஆனால் ஒரு விஷயம். பாதியில் நிறுத்துவதென்றால் நடுவில் இருப்பது வேகாத முட்டை. சல்மொனெல்லா கிருமி முட்டையில் இருக்கக்கூடும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், நோயில் எழும்பியவர்கள் அதைச் சாப்பிடாமல் விடுவது நல்லது. நான் முதலில் சொன்ன இரண்டு பேர் வீடுகள் பலவற்றில் இருப்பவர்களுக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவர்களுக்குத்தான் மிஷெல் ப்ராவின் வழி. 40 கிராம் சொக்லேட்டைச் சூடான இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் தலைப்பாலில் கரைத்து, ஐஸ் தட்டின் இரண்டு குழிகளில் ஊற்றி, இரவே உறையவைத்துவிடுங்கள். மறுநாள் கலவையில் மாவை இரண்டு மேசைக்கரண்டியாக்கி, கிண்ணத்தில் பாதி ஊற்றி, கட்டியை வைத்து, மீதியை மேலே ஊற்றி மூடுங்கள். இனி அவசரம் இல்லை. கேக் முழுதாக வேகட்டும், 15 நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்தாமல் பக்கத்தில் குத்திப் பாருங்கள், ஒட்டாமல் வரவேண்டும். முட்டை வெந்திருக்கும், வழிவது தேங்காய்ப்பால் சொக்லேட். தேங்காயும் சொக்லேட்டும் எவ்வளவு பொருத்தமான சோடி என்பதைச் சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

அறுபது வயதுக்காரர் முதல்முறை கரண்டி வைக்கும்போது என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். "என்னகா இது, நடுவுல வேகல்லயே!" பதில் சொல்லாதீர்கள், தயிர்ச் சட்டியை நகர்த்தி வையுங்கள். வெளிநாட்டில் இதற்கு ஐஸ்கிறீம் வைப்பார்கள். படுவான்கரையில் எருமைத் தயிர் இருக்கும்போது ஐஸ்கிறீம் எதற்கு? ஏடு திரண்ட, வெட்டினால் துண்டாக நிற்கிற தயிரைக் குளிரவைத்து ஒரு கரண்டி, சீனி போடாமல், சூடான கேக்குக்குப் பக்கத்தில். புளிப்பும் கசப்பும் இனிப்பும், சூடும் குளிரும் ஒரே வாயில். தயிருக்குக் கருப்பட்டிப் பாணி ஊற்றியே பழகியவர்கள் அன்றைக்கு மட்டும் பாணியை மறந்துவிடுங்கள், தித்திப்புக் கூடிவிடும்.

கலவையை மத்தியானமே கிண்ணங்களில் ஊற்றி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இராச் சாப்பாடு முடிந்த பிறகு அவிக்கலாம். குளிர்ந்திருப்பதால் இரண்டு மூன்று நிமிடம் கூட எடுக்கும். தேர்த் திருவிழாக் காலத்தில் இதைச் செய்யாதீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, அப்போது முட்டை எங்கள் அடுப்படிக்குள்ளேயே வராது.

ஒன்று மிஞ்சும். மஞ்சள்கருவை எடுத்த பிறகு அந்த ஒற்றை வெள்ளைக்கரு. கொட்டிவிடாதீர்கள். மூடி வைத்து, மறுநாள் காலையில் இன்னொரு முட்டையோடு சேர்த்து வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டுப் பொரியுங்கள். பிட்டோடு சாப்பிட இரண்டு பேருக்கு அது சரியாக வரும்.